சேணாட்டின் உவமைத் தடைச் சட்டம்

சேணாடு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேட வேண்டாம். அந்நாட்டின் வரைபடங்கள் அனைத்தும் அரண்மனையில் பூட்டி வைக்கப்பட்டுள்ளன. நாட்டின் எல்லை எதுவென்று கேட்கும் குடிமகன் அதைத் தாண்ட நினைக்கிறான் என்பது ஐயத்துறையின் கருத்து. சேணாட்டில் நீர்த்துறை, நிதித்துறை, மருத்துவத்துறை எல்லாம் முறைப்படி உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய கட்டடம் ஐயத்துறைக்குத்தான்.

அந்நாட்டில் புதிய கவிதைகளுக்கென்றே அரசு நடத்திய இதழின் பெயர் 'தூவி'. ஆசிரியர் நப்பின்னை, துணையாசிரியர் செம்பியன். எதிரெதிர் மேசைகளில் அமர்ந்தே இருவருக்கும் தலை நரைத்திருந்தது. வரும் கவிதைகளில் எழுதியவர் பெயரின் மேல் தாள்துண்டு ஒட்டி மறைத்துவிட்டு, உரக்க வாசித்துத் தேர்வு செய்வது அங்கே வழக்கம். அப்படித்தான் உப்பளத்தில் வேலை செய்யும் அங்கயற்கண்ணியின் கவிதைகள் அச்சேறின; அமைச்சர்களின் மைத்துனர்கள் எழுதியவை திரும்பிப் போயின. இந்த வழக்கம் உள்ளவரைதான் தூவி ஓர் இதழ் என்பது நப்பின்னையின் உறுதி. அது போய்விட்டால், அரசாணையை வரி உடைத்து அச்சிடும் வேலைதான் மிஞ்சும்.

ஒரு முறை மன்னரே புனைபெயரில் ஒரு கவிதை அனுப்பினார். அதில் தம்மைக் கதிரவனோடு ஒப்பிட்டிருந்தார். "உவமை பழையது. மீண்டும் முயல்க" என்று ஓரத்தில் எழுதி நப்பின்னை திருப்பி அனுப்பிவிட்டார். அது யாருடையது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. மன்னரின் கவிதை திரும்பி வந்தது என்று அரண்மனையும் வெளியே சொல்ல முடியாது. ஆகவே குற்றம் வேறெங்காவது கண்டுபிடிக்கப்பட வேண்டியிருந்தது.

ஐயத்துறை அமைச்சர் வில்லவராயர் தூவி அலுவலகத்துக்கு வந்தார். உட்காருமுன் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"அம்மையீர், பெயரை எதற்காக மறைக்கிறீர்கள்?"

"பேரைப் பார்த்தா கவிதை கண்ணுக்குத் தெரியாதுங்க."

"மறைக்கும் பழக்கம் உள்ளவரிடம் மறைப்பதற்கு ஏதோ இருக்கிறது. இது ஐயத்துறையின் முதல் விதி."

"ரெண்டாவது விதி என்னங்க?" என்றார் செம்பியன்.

"அதை வெளியே சொல்வதில்லை."

மறுவாரம் ஆணை வந்தது. இனிப் பெயரை மறைக்கக் கூடாது. ஒவ்வொரு கவிதையோடும் அதன் பொருளை உரைநடையில் எழுதி, கவிஞர் கையொப்பமிட்டுத் தர வேண்டும்.

"இன்னைக்குக் கவிதைக்குப் பொழிப்புரை கேக்குறான். நாளைக்குக் கொட்டாவிக்கும் கேப்பான் பாருங்கம்மா" என்றார் செம்பியன்.

நப்பின்னை சிரிக்கவில்லை. இதழ் நின்றுவிடக் கூடாது என்பதற்காகத் தாள்துண்டுகளையும் பசைக் கிண்ணத்தையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

அடுத்த இதழில் அங்கயற்கண்ணியின் கவிதை அவர் பெயரோடு வெளிவந்தது. 'எங்கள் ஏரி அடுப்பில் மறந்த வாணலியைப் போலக் கிடக்கிறது' என்பது அதன் முதல் வரி. அன்று மாலைக்குள் அவரை விசாரணைக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். நப்பின்னை பதறிக்கொண்டு ஐயத்துறைக்குப் போனார்.

"ஒன்றைச் சொல்லி இன்னொன்றை நினைக்க வைப்பது உவமை" என்றார் வில்லவராயர். "ஒன்றைச் சொல்லி இன்னொன்றை நினைப்பவனைச் சட்டம் சதிகாரன் என்கிறது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று எங்கள் அறிஞர் குழு ஆராய்ந்தது. வேறுபாடு இல்லை என்று அறிக்கை தந்திருக்கிறது."

"ஏரி காஞ்சு கிடக்கே, அதையாவது விசாரிப்பீங்களா?"

"ஏரி நீர்த்துறையைச் சேர்ந்தது, அம்மையீர். வாணலிதான் எங்களைச் சேர்ந்தது."

இவ்வாறு உவமைத் தடைச் சட்டம் பிறந்தது. கவிதைக்கென்று வந்த சட்டம் கடைத்தெருவுக்கும் நடந்து போயிற்று. "பூசணி கல்லு மாதிரி இருக்கு" என்று சொன்ன ஒரு பெண்ணிடம், எந்தக் கல், யார் மீது எறிய வைத்திருக்கிறாய் என்று காவலர்கள் கேட்டார்கள். மருத்துவமனையில் நிலைமை இன்னும் மோசம்.

"வயிறு வலிக்குதுங்க."

"எப்படி வலிக்கிறது?"

"அதைச் சொல்லக் கூடாதுங்களே ஐயா."

குத்தும் வலிக்கும் எரியும் வலிக்கும் ஒரே கஷாயம் கொடுக்கப்பட்டது. பிழைக்க இருந்தவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்கள் இறந்தார்கள், அவர்களுடைய உறவினர்கள் மிகுந்த கவனத்தோடு அழுதார்கள். அங்கயற்கண்ணி திரும்பி வரவில்லை.

தூவியின் அலுவலகத்துக்குள்ளும் சட்டம் வந்து உட்கார்ந்தது. வில்லவராயரின் மீசையை எதனோடோ ஒப்பிட்டு நப்பின்னை ஒரு நாள் செம்பியனிடம் மட்டும் சொல்லிச் சிரித்திருந்தார். அடுத்த முறை வந்த அமைச்சரின் முகத்தில் மீசை இல்லை. தற்செயலாக இருக்கலாம் என்று நப்பின்னை தமக்குள் பலமுறை சொல்லிக்கொண்டார். செம்பியனோ, தம்மைச் சோதிக்கத்தான் நப்பின்னை அதைச் சொன்னாரோ என்று நினைத்தார். ஒருவர் எழுதுவது மற்றவர் கண்ணில் படாதபடி இருவரும் மேசைகளைச் சற்றே திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

இந்த நிலையில் மன்னருக்கு நெஞ்சுவலி வந்தது. அரண்மனை மருத்துவர் முறைப்படி "எப்படி வலிக்கிறது, அரசே?" என்று கேட்டார். மன்னர் வில்லவராயரைப் பார்த்தார். வில்லவராயர் மருத்துவரைப் பார்த்தார். சட்டத்துக்குத் தற்காலிக விலக்கு அளித்து, தகுதியுள்ள ஒருவர் முன்னிலையில் ஓர் உவமையை மட்டும் மன்னர் சொல்லலாம் என்று முடிவாயிற்று. தகுதியுள்ளவராக நப்பின்னை அழைத்து வரப்பட்டார்.

"சொல்லுங்க அரசே. அழகா இருக்க வேண்டாம். உண்மையா இருந்தாப் போதும்" என்றார் நப்பின்னை.

மன்னர் நெடுநேரம் கூரையைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "உள்ளே யாரோ ஒரு நாற்காலியைத் தரையில் தரதரவென்று இழுப்பது போல இருக்கிறது."

மருத்துவர் சட்டென்று எழுந்தார். எந்த நோய், எந்த மருந்து என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் வில்லவராயர் கதவை மறித்து நின்றார்.

"நாற்காலியா? எந்த நாற்காலி? இழுப்பவர் யார்?"

"மருந்து எடுக்கணும், விடுங்க!" என்றார் மருத்துவர்.

"இழுப்பவர் யாரென்று தெரியும்வரை ஒருவரும் வெளியேறக் கூடாது. மன்னரின் பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம்."

விசாரணை முறையாக நடந்தது. மருத்துவர், பணிப்பெண்கள், நப்பின்னை என்று அனைவரும் வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். அது முடிவதற்குள் மன்னர் இறந்துவிட்டார். நாற்காலி காலியாக இருப்பது நாட்டுக்கு ஆபத்து என்பதால் வில்லவராயர் அதில் அமர்ந்தார். மக்கள் கைதூக்கி அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கை வலித்தவர்களிடம் எப்படி வலிக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதிய மன்னரின் முதல் ஆணை அனைவரையும் திகைக்க வைத்தது. உவமைத் தடை நீக்கப்பட்டது. இனி யாரும் எதையும் எதனோடும் ஒப்பிடலாம். தூவிக்கு மூட்டை மூட்டையாகக் கவிதைகள் வந்தன. நப்பின்னை ஒன்றுவிடாமல் வாசித்தார். அவற்றில் மலை மலையாகவே இருந்தது. மழை மழையாகவே பெய்தது. ஒரு கவிதையிலும் ஓர் உவமை இல்லை.

மன்னர் வில்லவராயர் மகிழ்ந்தார். "பார்த்தீர்களா அம்மையீர்? நாம் தடுக்கவில்லை. மக்களுக்கே அது பிடிக்கவில்லை. ஆனாலும் முடிசூட்டு விழாவுக்கு அயல்நாட்டுத் தூதர்கள் வருகிறார்கள். நம் நாட்டின் சுதந்திரத்தை அவர்கள் காண வேண்டும். சிறப்பிதழின் முதல் பக்கத்தில் நம்மைக் குறித்து ஓர் உவமை இடம்பெறட்டும். நீங்களே எழுதுங்கள். இல்லையென்றால் தூவியை மூடிவிடுவோம். பயன்படுத்தப்படாத சுதந்திரத்துக்கு எதற்கு வீண் செலவு?"

நப்பின்னை மேசைக்குத் திரும்பி, வெள்ளைத் தாளை எடுத்து, 'நம் மன்னரைப் பார்த்தால்' என்று எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. சொல்ல வேண்டியது நெஞ்சில் தெளிவாக இருந்தது. அங்கயற்கண்ணியின் முகமும் இருந்தது.

"என்னம்மா, நிறுத்திட்டீங்க?" என்றார் செம்பியன்.

"ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுங்களேன். அவரைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?"

"முதல்ல நீங்க சொல்லுங்கம்மா."

"இல்ல, நீங்க சொல்லுங்க."

செம்பியன் எழுந்து சன்னலைச் சாத்தினார். பிறர் காதில் விழாதிருக்கச் சாத்தினாரா, வெளியே நிற்பவருக்குக் குறிப்புக் காட்டினாரா என்று நப்பின்னைக்குத் தெரியவில்லை. பிறகு செம்பியன் அந்தத் தாளை எடுத்து, ஒரு சொல்லும் சேர்க்காமல், அச்சுக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பினார். நப்பின்னை தடுக்கவில்லை.

முடிசூட்டு விழாவன்று சிறப்பிதழ் வெளிவந்தது. முதல் பக்கத்தில் அந்த அரைகுறை வரி மட்டும் இருந்தது. அயல்நாட்டுத் தூதர்கள் அதை அச்சுப்பிழை என்று நினைத்தார்கள். சேணாட்டு மக்கள் வாசித்தார்கள், மேடையில் அமர்ந்திருந்த மன்னரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள், மறுபடியும் வாசித்தார்கள். முதலில் எங்கோ ஒருவர் சிரித்தார்.