ஏழாம் எண் வீட்டின் பாஸ்பரஸ்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, எழுத்தைக் கண்டுபிடித்தது, அப்புறம் வெகுகாலம் உருப்படியாக எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு, கடைசியில் எல்வர்டேல் மாவட்ட மன்றத்தைக் கண்டுபிடித்தது. இதை நான் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த மன்றத்தின் 'ஊட்டச்சத்துச் சமநிலைப் பிரிவில்' துணை அலுவலராக இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட்டால் பணி விதிகளுக்கு விரோதம்.

ஊட்டச்சத்து என்றதும் கேரட், முட்டை என்று நினைத்துவிட வேண்டாம். மனிதர் வயிற்றை விட்டு வெளியேறி, குழாய் வழியாக எல்வர் ஆற்றுக்குப் போய்ச் சேரும் சமாசாரத்துக்கு அரசு சூட்டியிருக்கும் திருநாமம் அது. அதில் பாஸ்பரஸ் இருக்கிறது. பாஸ்பரஸைத் தின்று பாசி கொழுக்கிறது. பாசி கொழுத்தால் மீன் சாகிறது. எங்கள் ஆறு பட்டாணி சூப் நிறத்துக்கு வந்து வெகு நாளாகிவிட்டது. ஆகவே மேலிடத்து உத்தரவு வந்தது. இனி எல்வர் படுகையில், அதாவது அந்த ஆற்றுக்குத் தண்ணீர் வடிகிற நிலப்பரப்பில், ஒரு புதுக் கழிப்பறை வர வேண்டுமென்றால், அது தரப்போகும் பாஸ்பரஸுக்கு ஈடாக, ஏற்கெனவே ஆற்றில் கலந்துகொண்டிருக்கும் பாஸ்பரஸை வேறெங்காவது நிறுத்திக் காட்ட வேண்டும். காட்டினால் 'ஈட்டுப் புள்ளி' தருவார்கள். புள்ளி இருந்தால் வீடு. இல்லாவிட்டால் பழையபடி வரைபடம்தான்.

லோயர் பிங்கல் கிராமத்தில், கிரிக்கெட் மைதானத்துக்குப் பின்னால் கட்டத் தொடங்கிய பன்னிரண்டு மலிவு விலை வீடுகள் இப்படித்தான் சுவர் எழும்பி, கூரை போடுமுன் நின்றுபோயின. மூன்று வருடமாக அவற்றில் காக்கைகள் குடியிருந்தன. காக்கைக்குத் திட்ட அனுமதி தேவையில்லை.

ஏழாம் எண் வீடு டாம்சின் ஹாக்கின்ஸுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கணவன் ராப் பண்ணைகளுக்கு வேலி போடுகிறவன். இரண்டு பிள்ளைகள். பிட்மன் என்பவரின் பண்ணை மூலையில் ஒரு கேரவனில், அதாவது வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற அந்தத் தகர வீட்டில், பதினொரு வருடமாக வாடகைக்கு இருந்தார்கள். சுவரெல்லாம் பூஞ்சை. சின்னவன் ஆல்ஃபிக்குக் குளிர்காலம் முழுக்க மூச்சிரைப்பு. காய்ந்த சுவர் உள்ள ஒரு வீடு வேண்டும் என்பதுதான் அவள் கோரிக்கை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் பேருந்தை நிறுத்திவிட்டு என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பாள்.

"வீடு என்னாச்சு, நைஜல்?"

"பரிசீலனையில இருக்கு, டாம்சின்."

"போன வாரமும் அதையேதான் சொன்னீங்க."

"போன வாரம் 'தீவிரப் பரிசீலனை'. இந்த வாரம் வெறும் பரிசீலனை. நல்லா கவனிங்க."

இப்படி நிர்வாகம் செம்மையாக நடந்துகொண்டிருந்தபோது லண்டனிலிருந்து நிதி வந்தது. பாஸ்பரஸை ஈடுகட்டி வீடு கட்டவிடுவதற்கென்றே தனி நிதி. மில்லியன் கணக்கில் பவுண்ட். ஒரே நிபந்தனை: மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவழித்தாக வேண்டும். எங்கள் பிரிவுத் தலைவி பிலிப்பா ஸ்ட்ரோட் உடனே கூட்டம் கூட்டினார். கூடவே ஆலோசகர் டாக்டர் லேஸியும் வந்தார். லேஸி ஆற்றைப் பற்றிப் பதினாலு அறிக்கை எழுதியவர். ஆற்றை நேரில் பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று பார்ப்பதைத் தவிர்த்து வந்தார்.

"ஆத்துல யாரு அதிகமா கலக்குறாங்க?" என்று தொடங்கினார் பிலிப்பா.

"தண்ணிக் கம்பெனிதான்," என்றார் லேஸி. "ஊர்ச் சாக்கடையும் அவங்க பொறுப்புதானே. மழை பெஞ்சா பெரிய குழாயத் தொறந்து விட்டுடறாங்க. வடிகட்டுறதெல்லாம் கெடையாது, அப்படியே."

"அப்ப அவங்கள நிறுத்தச் சொல்லலாமே?" என்று கேட்டுவிட்டேன். அன்று எனக்குக் காய்ச்சல்.

தேநீரில் நனைத்த பிஸ்கட்டை லேஸி வெளியே எடுக்க மறந்து, அது உள்ளேயே கரைந்துபோனது.

"நைஜல்," என்றார் பிலிப்பா, நோயாளியிடம் பேசும் குரலில், "அவங்ககிட்ட அனுமதி இருக்கு. அது பாரம்பரியக் குழாய். நம்ம நிதி அந்த மாதிரி பெரியவங்களத் தொந்தரவு பண்றதுக்கு இல்ல. அடுத்து யாரு?"

"கோழிப் பண்ணை. அந்தப் பள்ளத்தாக்குல மனுஷங்களவிட கோழிங்க ஜாஸ்தி. மழைக்கு எச்சமெல்லாம் ஆத்துக்குத்தான் வருது."

"பண்ணைக்காரர் நம்ம திட்டக் குழுத் தலைவராச்சே."

"அப்ப கோழிங்க சுத்தம்," என்று லேஸி ஒரு வரியை அடித்தார். "நாணல் வளர்த்து ஒரு குளம் வெட்டலாம். நாணல் பாஸ்பரஸ உறிஞ்சிக்கும். ஆனா வளர்றதுக்கு நாலு வருஷம் புடிக்கும்."

"நிதி மார்ச்சோட முடியுதே. நாணலுக்கு அவசரம்னு சொல்லிப் பாத்தீங்களா?"

"கள ஆய்வுல சொல்லிப் பாத்தோம். ஒத்துழைப்பு இல்ல."

கூட்டம் அடுத்த கூட்டத்துக்கான தேதியைக் குறிப்பது என்ற முக்கிய முடிவோடு கலைந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. டாம்சின் வந்தாள். நிதி வந்த செய்தியைப் பேருந்துப் பிள்ளைகள் மூலம் ஊரே அறிந்திருந்தது. அவளுக்கு விஷயத்தை விளக்குவது என் கடமை.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு புள்ளி நாலு பேர்னு கணக்கு. அத்தனை பேர் பாஸ்பரஸுக்கு ஈடு கிடைக்கணும்."

"நாங்க நாலு பேரு."

"வீட்டுல நாலு பேரா இருக்கலாம். கணக்குல ரெண்டு புள்ளி நாலுதான்."

"மிச்சம் ஒண்ணு புள்ளி ஆறு பேரு எங்க போறதாம்?"

"கணக்குப்படி அவங்க போகவே மாட்டாங்க."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "சரி, நான் ஒண்ணு கேக்கறேன். எங்க கேரவன் கக்கூஸ் தண்ணி பிட்மனோட செப்டிக் டேங்குக்குப் போகுது. அந்த டேங்க் ஓட்டை. அங்கேருந்து ஓடைக்கு, ஓடையிலேருந்து ஆத்துக்கு. இத்தனை வருஷமா இதான் நடக்குது. அரை மைல் தள்ளிக் குடிபோனா நாங்க என்ன, கூடுதலாவா போகப் போறோம்? அதே வயிறுதானே?"

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "இன்னொரு தடவை சொல்லுங்க!"

"எது, வயிறா?"

"இல்ல. ஓட்டை!"

குடையைக்கூட எடுக்காமல் எதிர்க் கட்டடத்துக்கு ஓடினேன். பிலிப்பா என்னைக் கட்டிக்கொள்ளவில்லை; நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. ஆனால் கோப்பையைக் கீழே வைத்தார். லேஸி கணக்குப் போட்டார். சுத்திகரிக்காமல் ஒழுகும் ஓட்டை டேங்கை மூடி, அதைப் பயன்படுத்தும் குடும்பத்தை எல்வர் படுகைக்கு வெளியே அனுப்பிவிட்டால் கிடைக்கும் புள்ளிகள், நல்ல மனதோடு கூட்டினால், பன்னிரண்டு வீட்டுக்கும் போதும். டேங்கை மட்டும் சரிசெய்தால் போதாதா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அன்று காய்ச்சல் விட்டிருந்தது.

டாம்சினிடம் பேசும் பொறுப்பு எனக்கு. கேரவனுக்கே போனேன்.

"கொஞ்ச நாளைக்குத்தான். வீடு முடிஞ்சதும் வந்துடலாம். மலைக்கு அந்தாண்ட போயிடுங்க. அங்க தண்ணி வேற ஆத்துக்கு வடியுது."

"அந்த ஆறு மட்டும் நாறாதா?"

"அது வேற மாவட்ட மன்றத்தோட ஆறுங்க."

அவள் ராப்பைப் பார்த்தாள். ராப் ஆல்ஃபியைப் பார்த்தான். பிள்ளை இருமிக்கொண்டிருந்தான். "சாவி கைக்கு வரும்ல?" என்றாள். "இத நிறுத்தினாத்தான் வீடே வரும்," என்றேன். அது சத்தியமான வார்த்தை.

மார்ச் மாதக் கடைசியில் டிராக்டர் வந்து கேரவனை இழுத்துப் போனது. டேங்கை மூடிய தியாகத்துக்காக பிட்மனுக்கு நிதியிலிருந்து நஷ்ட ஈடு போனது. தியாகத்தைக் கணித்த வகையில் லேஸிக்குக் கட்டணம் போனது. 'எல்வர் ஆற்றை மீட்கும் வரலாற்று நடவடிக்கை' என்று நாங்கள் அறிக்கை விட்டோம். மலைக்கு அந்தப்புறம் டாம்சினின் அண்ணன் வீட்டு மாடியறையில் நால்வரும் ஒண்டிக்கொண்டார்கள். டாம்சின் விடியுமுன் எழுந்து மலை தாண்டி வந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போனாள். வேலைக்கு வரலாம், அதில் பாஸ்பரஸ் இல்லை. கழிப்பறைக்குப் போக மலைக்கு அந்தப்புறம் திரும்பிவிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம்.

இலையுதிர் காலத்தில் வீடுகள் முடிந்தன. டாம்சின் தலைவாரி, நல்ல கோட்டு போட்டுக்கொண்டு சாவி வாங்க வந்தாள்.

"ஒரு சின்ன விஷயம்," என்றேன். "இந்த வீடுங்க உள்ளூர்க்காரங்களுக்கு மட்டும்தான். வெளியூர் பணக்காரங்க அள்ளிட்டுப் போகக் கூடாதுன்னு நாங்களே போராடிக் கொண்டாந்த விதி. கடைசி ஆறு மாசம் இந்த மாவட்டத்துல குடியிருந்திருக்கணும்."

"நான் பதினொரு வருஷம் இருந்தேன், நைஜல்."

"இருந்தீங்க. இப்ப?"

"நீங்கதானே போகச் சொன்னீங்க!"

"அதுக்கு நன்றி சொல்லி மடல் அனுப்பினோமே, வரலையா? படம் போட்டது. மீன் படம்."

"சரி, திரும்ப வந்து ஆறு மாசம் இங்க இருக்கறேன். அப்ப குடுப்பீங்களா?"

"தாராளமா! ஆனா இங்க இருக்கறதுக்கு ஒரு வீடு வேணும். வீடுன்னா புள்ளி வேணும். புள்ளியெல்லாம் அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கே சரியாப் போச்சு."

அவள் நல்ல கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். பிறகு மரியாதையை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள்: "ராசா, நீ ராத்திரி தூங்குறியா?"

"எட்டு மணி நேரம்," என்றேன். எங்கள் பிரிவில் ஆரோக்கியத்துக்கு முன்னுரிமை உண்டு.

தகுதியுள்ள உள்ளூர்க்காரர் யாரும் மனுச் செய்யவில்லை. வாடகை கொடுத்து மாளாமல் அவர்களெல்லாம் எப்போதோ ஊரை விட்டுப் போயிருந்தார்கள். அப்படி ஆகிவிட்டால் வெளியூர்க்காரருக்கு விற்கலாம் என்று விதிக்கு ஒரு பின்வாசல் இருக்கிறது. ஏழாம் எண் வீட்டை லண்டனில் இருக்கும் பல் மருத்துவத் தம்பதி ஒன்று வாங்கியது. வார இறுதியில் வந்து காற்று வாங்குவதற்காக. லேஸிக்கு மகிழ்ச்சி தாளவில்லை.

"வருஷத்துக்கு ஆறு நாள்தான் வருவாங்களாம், நைஜல்! அந்த ஆறு நாளும் வெளியிலயே சாப்பாடு! இது வீடே இல்ல, ஆத்துக்கு நாம குடுத்த பரிசு!"

மற்ற பதினொன்றும் ஏறக்குறைய இதே தரம். ஆளே வராத வீடுகளைக் கட்டியதன் மூலம் பாஸ்பரஸ் இலக்கை நாங்கள் மும்மடங்கு தாண்டிவிட்டோம். தேசிய அளவில் எங்களுக்குப் பசுமை வீடமைப்பு விருது அறிவித்தார்கள். செய்தி கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. இத்தனைக்கும் நான் சுலபத்தில் கலங்குகிற ஆள் இல்லை.

விருது வழங்க லண்டனிலிருந்து துணை அமைச்சரே வந்தார். ஆற்றங்கரையில் வெள்ளைக் கூடாரம், தேநீர், ஸ்கோன் ரொட்டி. ரொட்டிமேல் முதலில் ஜாமா கிரீமா என்ற கேள்வியில் திட்டக் குழு இரண்டாகப் பிளந்து நின்றது. பள்ளிப் பிள்ளைகள் பாட வந்திருந்தார்கள். அவர்களைப் பேருந்தில் ஏற்றிவந்தவள் டாம்சின்.

துணை அமைச்சர் "சுத்தமான ஆறு, சொந்தமாக வீடு" என்று ஆரம்பித்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடம் போயிருக்கும். கூடாரத்துக்கு ஐம்பது கஜம் மேலே தண்ணீர்க் கம்பெனியின் பெரிய குழாய் ஒருமுறை கனைத்தது. பிறகு திறந்துகொண்டது.

கூடாரத்தைத் தாண்டி என்னென்ன மிதந்து போயின என்பதை நான் எழுதப் போவதில்லை. கண்ணெதிரே நாறுவதை முதலில் சொல்பவன்தான் நாகரிகமற்றவன் என்பது எங்கள் நாட்டு வளர்ப்பு. யாரும் முதலில் சொல்லவில்லை.

"நல்ல மழை," என்றார் துணை அமைச்சர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"தோட்டத்துக்கு ரொம்ப நல்லதுங்க," என்றார் பிலிப்பா.

"ஆறு எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கு பாருங்க," என்றார் லேஸி. ஆற்றை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பிள்ளைகள் சுருதி குறையாமல் பாடினார்கள். டாம்சின் மட்டும் மழையில் நனைந்தபடி என்னருகே வந்தாள்.

"அது என்ன, நைஜல்?"

"எது?"

"அதோ, மிதந்து போகுதே."

"அது இந்தத் திட்டத்துல அடங்காது, டாம்சின். அவங்களுக்கு அனுமதி இருக்கு."

"நாங்க நாலு பேரும் ஆயுசு பூரா உக்காந்தாலும் இவ்வளவு வராது." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் காவலரிடம் சொல்லிச் சமாளித்திருப்பேன். "ஆல்ஃபிக்கு அங்கயும் சுவரு ஈரம்தான். நேத்து பூரா இருமினான். நான் சண்டைக்கு வரல. தெரிஞ்சுக்கணும்னுதான் கேக்கறேன். ஏன் எங்கள மட்டும் நிறுத்துனீங்க?"

அந்த நேரம் பார்த்து என் பெயரை அழைத்தார்கள். மேடையேறிக் கேடயத்தை வாங்கிக்கொண்டேன். கைதட்டல் அடங்குவதற்குள் அவள் கேள்விக்கு விடை கண்டுபிடித்துவிட வேண்டும் என்று, நல்ல அலுவலனாக, வழிகாட்டு நெறிமுறைகளை முதலிலிருந்து கடைசிவரை மனதுக்குள் புரட்டினேன். குழாய், கோழி, டாம்சின் மூன்றும் ஒரே ஆற்றில்தான் கலந்தன. மூன்றிலும் குறைவாகக் கலந்தது அவள்தான். நெறிமுறையில் எங்கேயும் விடை இல்லை. கீழே நனைந்துகொண்டு நின்ற அவளைப் பார்த்தபோதுதான் புரிந்தது. தண்ணீர்க் கம்பெனியைத் தள்ளினால் நகராது, கோழிப் பண்ணைக்காரரைத் தள்ள எங்களுக்குத் துணிவு கிடையாது, அவளைத் தள்ளினோம், நகர்ந்துவிட்டாள். அதற்குத்தான் இந்தக் கேடயம்.