அழியாத அடையாளம்

"பில் இருக்குங்களா சார்?"

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து நர்மதா போனில் மூன்றாவது முறையாகக் கேட்டபோது, அறிவரசன் அரியலூர் பஸ்ஸில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். இசைத்தட்டுக்குப் பில் கிடையாது என்று அவரும் மூன்றாவது முறையாகச் சொன்னார். வரதராஜன்பேட்டையில் மைக் செட்டை விற்றுவிட்டு டீக்கடை வைத்தவர், அரும்பாவூரில் பரணைக் காலி செய்தவர், குரும்பலூரில் யாரோ ஒருவருடைய மருமகன் என்று பல பேரிடம் பல வருடங்களாகச் சாக்குப் பையில் கட்டி வாங்கி வந்தவை. அவர்களிடம் பில் கேட்டிருந்தால் சாக்கைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டிருப்பார்கள்.

"அப்ப லிஸ்ட் வேணும் சார். ஒவ்வொண்ணுக்கும் போட்டோ. வாடகை வீடுங்கறதால வீட்டுக்காரர் லெட்டரும் வேணும். மாசக் கடைசிக்குள்ள குடுத்துட்டீங்கன்னா நானே நேர்ல வந்து பாத்து முடிச்சுடுவேன்."

"சரிங்கம்மா" என்றார்.

அறிவரசன் எதற்கும் சரி சொல்லிவிடுகிற கட்டத்துக்கு வந்திருந்தார். வயது ஐம்பத்து மூன்று. சிமென்ட் ஆலையின் எடை மேடையில் உட்கார்ந்து இருபத்தாறு வருடமாக லாரிகளை எடை போடுகிறார். காலி லாரி ஒரு முறை, சுமை ஏற்றிய லாரி ஒரு முறை. வீட்டுக்கு வந்தால் அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு நாற்காலியும் ஒரு பாட்டும்தான்.

இசைத்தட்டுகள் மொத்தம் நானூற்றுப் பதினெட்டு. பெரம்பலூரில் செல்லமுத்து என்பவருடைய வீட்டின் மாடியில் அறிவரசன் குடியிருந்தார். ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை. படுக்கையறையில் தட்டுகள் படுத்திருந்தன. வெயிலுக்குத் தட்டு வளைந்துவிடும் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த அறைக்கு ஏசி போட்டார். பெரம்பலூர் வெயிலில் மனிதர்களும் வளையத்தான் செய்வார்கள். ஆனால் தட்டுகள் போக அந்த அறையில் ஒரு நாற்காலிக்குத்தான் இடம் இருந்தது, நாற்காலியில் அறிவரசன் இருந்தார். அவர் மனைவி மணிமொழி ஹாலில் டேபிள் ஃபேனுக்கு முன்னால் பாயை விரித்துக்கொண்டாள். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இதை அவர் ஆலையில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

போன மாதம் பக்கத்துத் தெருவில் மின்கசிவில் ஒரு வீட்டுச் சாமான்கள் முழுக்க எரிந்துபோயின. அந்த வீட்டுக்காரர் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வெளியே நின்றதை அறிவரசன் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. அவர் குடும்பத்தில், திருட்டுப் போகும் என்று பயப்படும்படியாக ஒரு பொருளை அதற்கு முன் யாரும் வைத்திருந்ததில்லை. அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். பாட்டு கேட்க வேண்டுமென்றால் ஊரில் யாருக்காவது கல்யாணம் ஆக வேண்டும், அதையும் தள்ளி நின்றுதான் கேட்க வேண்டும். அந்தத் தட்டுகள் போய்விட்டால் தன்னுடையது என்று காட்ட ஒன்றும் இருக்காது என்று அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

இன்சூரன்ஸ் என்றதும் மணிமொழி உடனே ஒத்துக்கொண்டாள். "போட்டுடுங்க. நீங்க வேலையப் பாருங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள். இப்படி ஒரு மனைவி எத்தனை பேருக்கு அமையும் என்று அவர் அன்றும் நினைத்துக்கொண்டார்.

முதலில் லிஸ்ட். தினமும் வேலை முடிந்து வந்து பத்துத் தட்டு, பதினைந்து தட்டு என்று எழுதினார். போட்டோ மங்கலாக விழுகிறது, அட்டையெல்லாம் தூசி என்று ஒரு நாள் அலுத்துக்கொண்டார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் வந்து பார்த்தால் மணிமொழி எல்லா அட்டைகளையும் ஈரத் துணியால் துடைத்து மொட்டைமாடியில் காயப்போட்டிருந்தாள். வீட்டில் ஒரு தூசி இல்லை. பாதி அட்டைகளில் எழுத்தும் இல்லை. சில அட்டைகள் உளுந்து வடாம் மாதிரி உப்பியிருந்தன.

"கஷ்டப்பட்டுத் துடைச்சேங்க" என்றாள். முழங்கையைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

அறிவரசன் மறுபடி பேனாவை எடுத்தார். அட்டையில் பெயர் இல்லாததால் ஒவ்வொரு தட்டையும் வெளியே எடுத்து, நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தைக் கண்ணாடி போட்டுப் படித்து, மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. ராத்திரி வெகுநேரம் கண்விழித்தும் அதற்குப் பன்னிரண்டு நாள் ஆனது.

அடுத்தது வீட்டுக்காரர் லெட்டர். செல்லமுத்துவிடம் பேசுவது என்றால் அறிவரசனுக்கு அலுப்பு. ஒரு விஷயத்தைக் கேட்கப் போனால் அவர் கிணறு வெட்டிய கதையிலிருந்து ஆரம்பிப்பார். அதையும் மணிமொழியே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கீழே இறங்கிப் போனாள். அரை மணி நேரத்தில் லெட்டரோடு வந்துவிட்டாள். அறிவரசன் அசந்துபோனார்.

மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க இறங்கினால் மாடிப்படிக்குக் கீழே கிரில் கேட் பூட்டியிருந்தது. உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு. ஆறு மணிக்குச் செல்லமுத்து பல் துலக்கிக்கொண்டே வந்து திறந்தார்.

"மணிமொழி எல்லாத்தையும் சொல்லுச்சு தம்பி. லட்சக்கணக்குல பொருளை மாடில வெச்சுக்கிட்டு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு. நாலு பேரு காதுல உழுந்தா என் வூட்டுச் சுவரத்தான ஓட்ட போடுவான்?"

இன்னொரு சாவி கொடுங்கள் என்று அறிவரசன் கேட்டதற்கு, சாவி இரண்டு பேரிடம் இருந்தால் அது என்ன பூட்டு என்று அவர் கேட்டார். அந்த வாரம் நான்கு நாள் முதல் பஸ் போய்விட்டது. எடை மேடையில் லாரிகள் சாலை வரைக்கும் நின்றன. ஐந்தாவது நாள் ஆலையில் மெமோ கொடுத்தார்கள். வேலையில் சேர்ந்த இத்தனை வருடத்தில் அதுதான் முதல் மெமோ. தாமதத்துக்குக் காரணம் கேட்டிருந்தார்கள். 'இசைத்தட்டு' என்று எழுதி, அடித்துவிட்டு, 'வயிற்றுப்போக்கு' என்று எழுதினார்.

லிஸ்ட்டும் லெட்டரும் போன பிறகு நர்மதாவிடமிருந்து மறுபடியும் போன். மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றே ஒன்றுதான் பாக்கி என்றாள். திருட்டுப் போய்ப் போலீஸ் எங்கேயாவது பிடித்தால், இது அறிவரசனுடைய தட்டுதான் என்று சொல்வதற்கு ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளம் வேண்டும். அட்டைமேல் கையெழுத்துப் போட்டிருப்பதாக அவர் சொன்னார். அட்டையை மாற்றிவிடலாமே என்று அவள் கேட்டாள். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

"பொருள்மேலயே இருக்கணும் சார். அழியாத மாதிரி."

அப்போது எடை மேடைக்கு முன்னால் முப்பது லாரி நின்றது. முதல் லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அறிவரசன் மணிமொழிக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். தட்டின் நடுவில் காகிதம் இருக்கிறது, அதில் ஒரு கையெழுத்து போதும் என்று சொல்ல நினைத்தார். ஹாரன் சத்தத்தில் எதையும் விளக்க முடியவில்லை. "நீயே பாத்து ஏதாவது பண்ணு மணி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"நான் பாத்துக்கறேங்க" என்றாள்.

தேங்கிய லாரிகளுக்காக இரண்டு நாள் ஆலையிலேயே தங்கிவிட்டு அவர் வீட்டுக்கு வந்தபோது மணிமொழி காபி போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முகத்தில் நிறைவு. தட்டுகள் எல்லாம் அறையில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. மேலே இருந்த தட்டு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

கறுப்புத் தட்டின் விளிம்பிலிருந்து உள்பக்கமாக, புள்ளி புள்ளியாக, அழகான எழுத்தில் வெட்டியிருந்தது: 'ம. அறிவரசன், பெரம்பலூர்.'

எவர்சில்வர் குடத்தில் வெட்டுவது போல வெட்டியிருந்தது. கல்யாணத்துக்கு வாங்குகிற தாம்பாளத்தில் வெட்டுவது போல வெட்டியிருந்தது. அவர் தட்டைத் திருப்பினார். மறுபக்கத்திலும் இருந்தது.

"ரெண்டு பக்கமும் வெட்டச் சொன்னேங்க. ஒண்ணு தேஞ்சாலும் இன்னொண்ணு இருக்கும்ல. பழைய பஸ் ஸ்டாண்டுகிட்ட பாத்திரக்கடையில ஒரு தம்பி பேரு வெட்டுது. ஆட்டோ வெச்சு நாலு நடை எடுத்துட்டுப் போனேன். ரெண்டு நாளும் கூடவே நின்னேன். சீட்டுப் பணம் இருந்துச்சு, அதை எடுத்துக் குடுத்துட்டேன்."

"எல்லாத்துலயுமா?"

"ஒண்ணு பாக்கி இல்ல."

அறிவரசன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு வேர்த்தது. ஒரு தட்டைப் பிளேயரில் வைத்து ஊசியை இறக்கினார். பாடுகிறவர் மூச்சை இழுத்து ஆ என்று தொடங்கினார். டக். மறுபடி ஆ. டக். ஊசி 'பெரம்பலூர்' என்கிற எழுத்துகளில் ஏறி இறங்கி, முதல் சரணத்தைத் தாண்டிக் குதித்து, வயலினில் போய் விழுந்து நின்றது.

"கொஞ்சம் தடுக்குதோ?" என்று மணிமொழி கேட்டாள்.

அவர் ஊசியைத் தூக்கி வைத்தார். கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் எப்படிக் கத்துவது? அந்த வெயிலில் ஆட்டோவில் நாலு நடை போயிருக்கிறாள். இரண்டு நாள் பாத்திரக்கடையில் நின்றிருக்கிறாள். சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். எல்லாம் அவருக்காக. கத்துவதற்குத் தெம்பும் இல்லை.

"லேசாத்தான்" என்றார்.

மாதக் கடைசி நாளன்று நர்மதா வந்தாள். சின்னப் பெண், பெரிய பை. தட்டுகளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. இவ்வளவு தெளிவான அடையாளத்தைத் தன் சர்வீஸில் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை என்றாள். மணிமொழி கொடுத்த முறுக்கைச் சாப்பிட்டாள். பிறகு ஒரு தட்டைப் போட்டுக் காட்டச் சொன்னாள்.

அறிவரசன் போட்டார். ஆ. டக். ஆ. டக்.

வேறொன்று போடச் சொன்னாள். அதுவும் தன் பங்குக்குக் குதித்தது. நர்மதா பேனாவை மூடினாள், திறந்தாள், ரொம்ப நேரம் எழுதினாள்.

"சார், பாட்டு வந்தாத்தான் இசைத்தட்டுன்னு போட முடியும். இதை நான் பழைய பிளாஸ்டிக் சாமான்னுதான் போட்டாகணும். ஆனா ஏசி, பீரோ, கட்டில், மிக்ஸி எல்லாத்தையும் நல்ல வெலைக்குச் சேத்துட்டேன். உங்க வீட்டுக்கு இனிமே பயமே இல்ல."

பாலிசி வந்தது. நான்கு பக்கம். இரண்டாவது பக்கத்தில் கிரைண்டருக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் 'பிளாஸ்டிக் தட்டு – 418' என்று இருந்தது. சாப்பிடுகிற தட்டு என்று யாராவது நினைத்தாலும் தப்பில்லை.

அன்று சாயங்காலம் அறிவரசன் தானாகவே சொன்னார், இனி இதுகளுக்கு எதற்கு ஏசி, பரணில் ஏற்றிவிடலாம், அறையை நீ எடுத்துக்கொள் என்று. மணிமொழி பதறினாள். உங்களுக்கு மனசு கேட்காது என்றாள். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். அவர்தான் பிடிவாதமாகத் தட்டுகளைப் பரணில் ஏற்றி, ஹாலில் இடமில்லாமல் சுவரோடு நிமிர்த்தி வைத்திருந்த கட்டிலை உள்ளே இழுத்துப் போட்டார். மறுநாள் காலை ஏழரை மணிவரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அப்படித் தூங்கி அவர் பார்த்ததில்லை. பாவம், அலைந்த அலைச்சல் என்று நினைத்துக்கொண்டு தானே காபி போட்டுக் குடித்தார்.

ஆனால் உள்ளே இருந்த கோபம் அடங்கவில்லை. யாரையாவது திட்டினால் தேவலை என்றிருந்தது. மணிமொழியைத் திட்ட மனசு வராது. செல்லமுத்துவைத் திட்டினால் கேட் ஏழு மணிக்குத்தான் திறக்கும். நர்மதா சொன்னதில் தப்பு இல்லை. கடைசியில் மிஞ்சியது பேர் வெட்டியவன்தான். ஞாயிற்றுக்கிழமை, ஒரு தட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போனார்.

வாசலில் அந்தத் தம்பி வேல்முருகன் குனிந்து ஒரு குத்துவிளக்கில் யாருடைய பெயரையோ வெட்டிக்கொண்டிருந்தான். அறிவரசன் தட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தார். வழி நெடுகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. களைப்பாகத்தான் கேட்க முடிந்தது.

"ஏம்ப்பா, சோத்துத் தட்டுக்கும் பாட்டுத் தட்டுக்குமா உனக்கு வித்தியாசம் தெரியாது?"

வேல்முருகன் தட்டைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மிஷினை நிறுத்தினான்.

"தெரியும் சார். எங்க மாமா மைக் செட்டுல இருந்தவருதான். மொதத் தட்டைக் குடுத்தப்பவே, இதுல வெட்டுனா பாட்டு போயிடும்க்கா, நடுவுல காயிதத்துல பேனாவால எழுதிக்கங்கன்னு சொன்னேன். அக்காதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒக்காந்து, 'பாட்டு எங்கேருந்து ஆரம்பிக்குதுன்னு காட்டு தம்பி, சரியா அந்த எடத்துல வெட்டு'ன்னாங்க."