ஜாவாவுக்கு ஒரு சீட்டு, பைத்தானுக்கு ஒரு சீட்டு

சேர்வராயன் மலையில் ஏறிய சாஃப்ட்வேர் இன்ஜினியர்களில், இரண்டு கணினி மொழிகளுக்குப் பஞ்சாயத்து பேசியே தலை நரைத்தவர் எங்கள் செமிகோலன் ஒருவர்தான்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு மேலே சின்ன ஆபீஸ். ஓனர் அக்கா, அவர், நான். ஜாவாவில் ஒவ்வொரு கட்டளையும் செமிகோலன் என்ற அரைப்புள்ளியில் முடிய வேண்டும். அவர் பேச்சும் அப்படித்தான்; பட்டப்பெயரும் அதனால்தான். "டீ சொல்லுங்க, செமிகோலன்" என்பார். பைத்தான் எழுதும் வாரத்தில் அது கிடையாது. ஆனால் அந்த மொழியில் கீழ்ப்பட்ட வரி வலப்புறம் தள்ளி நிற்க வேண்டும். ஜூனியரான என் நாற்காலியையும் தினமும் வலப்புறம் தள்ளினார். நாற்காலி வராந்தாவுக்கே போய், பனியில் எனக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

மஞ்சக்குட்டைப் பக்கம் ஓர் எஸ்டேட்டுக்குக் காப்பி மூட்டை எடையைக் கூட்டும் புரோகிராம். அது தேறாவிட்டால் ஆபீசையே மூடுவதாக அக்கா சொல்லிவிட்டார். செமிகோலன் பைத்தானில் ஒரே சாயங்காலத்தில் முடித்தார். ஜாவா கோபித்துக்கொள்ளுமே என்று அதிலும் அதையே எழுத இரண்டு வாரம். மொழிக்கொரு லேப்டாப், பஸ்ஸில் தனித்தனி சீட்டு.

"ஏனுங்க, ஒண்ணை மடியில வெச்சுக்கலாமில்லீங்க?" என்றார் கண்டக்டர்.

"ஜாவா நொம்பக் கறாருங்க. பைத்தான் எதுக்கும் தலையாட்டும். ஒட்டி உக்கார வெச்சா வழியெல்லாம் சண்டைங்க."

கண்டக்டர் இரண்டுக்கும் டிக்கெட் கிழித்தார்.

எஸ்டேட்டில் முதலில் பைத்தான். நாற்பத்தைந்து கிலோ மூட்டை இரண்டு. திரையில் நாலாயிரத்து ஐந்நூற்று நாற்பத்தைந்து. எண்ணை எழுத்தாக எடுத்துக்கொண்டு, கூட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டது.

மேனேஜர் மூட்டைகளைப் பார்த்தார். "இந்த வருசம் வெளைச்சல் பரவால்லீங்க."

செமிகோலன் லேப்டாப்பிடம் குனிந்தார். "ஏஞ்சாமி, பக்கத்துல நிக்க வெச்சா கூட்டலாயிருமா கண்ணு?"

பிறகு ஜாவா. மேனேஜர் '45 கிலோ' என்று அடித்தார். ஏற்கவில்லை. 'சுமார் 45' என்றார். அதுவும் ஆகவில்லை. கடைசியில் திரையிடம், "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வெறும் எண்ணை அடித்தார். இரண்டு மூட்டைக்கும் தொண்ணூறு வந்தது.

"எங்க மொதலாளிகூட இத்தனை கேள்வி கேட்டதில்லீங்க. இதையே குடுங்க."

ஆபீஸ் பிழைத்தது. திரும்பும்போது ஜன்னலோரம் பைத்தானுக்கு. "தோத்த புள்ளைங்க. கொஞ்சம் காத்து வாங்கட்டும்" என்றார் செமிகோலன்.

அடுத்த வருடம் அவர் பெங்களூருக்குப் போய்விட்டார். அதன்பின் எங்கள் புரோகிராம்கள் ஒழுங்காக ஓடின. காலையில் ஆபீசுக்குப் போகத்தான் எனக்கும் அக்காவுக்கும் கால் வரவில்லை.