தெருமுனைக்குக் குடிபோன தொழில்முனைவோர்

மதிப்பிற்குரிய மைத்துனர், சிறுதொழில் துறை அலுவலர் அவர்களின் சமூகத்திற்கு,

தங்கள் அக்காளின் கணவரும், அட்டைப்பெட்டி செய்பவரும், ஒரு கடைவாய்ப் பல்லைத் தவிர மற்றபடி சுகமாக இருப்பவருமான அடியேன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் மனைவியும், குழந்தையும், தங்கள் வீட்டு மாடியறையில் தங்கியிருக்கும் தங்கள் அக்காளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கடைசியாகச் சொன்னவரின் நலத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும். போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

"அத்தான், சின்னத் தொழில் செய்றவங்களுக்கு அரசாங்கம் எதை முதல்ல செய்யணும்னு கருத்துக் கேக்கிறாங்க, நீங்களும் எழுதி அனுப்புங்க" என்று தாங்கள் சொன்னதால் இதை எழுதுகிறேன். ஆகவே இது முழுக்க முழுக்கக் கொள்கை சம்பந்தப்பட்ட கடிதம். நடுவில் எங்காவது குடும்ப விஷயம் தலைகாட்டினால் அதைத் தாங்களே அடித்துவிட்டு மேலிடத்துக்கு அனுப்பலாம்.

தங்களுக்குத் தெரியாதது இல்லை. செருப்புக் கம்பெனி இந்த ஊரை விட்டுப் போனதும் பெட்டி கேட்டு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். "ஒரு கடையை நம்பி ரெண்டு பேர் உக்காந்துக்கிட்டு இருந்தா ரெண்டு பேருமே பட்டினிதான். நான் தம்பி வீட்டுல இருந்து வேலைக்குப் போறேன், நீங்க கடையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் தலைநகரத்துப் பெரிய பெட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டாள். நானும் கடையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு வேலை இல்லாததால் உள்ளே உட்கார்ந்தும் பார்க்கிறேன், வெளியே நின்றும் பார்க்கிறேன்.

இந்த நிலைமையில்தான் பள்ளிக்கூட மண்டபத்தில் தொழில்முனைவோர் கலந்தாய்வுக் கூட்டம், கடனும் இயந்திரமும் தர ஏற்பாடு என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எதிர்க்கடைக் கண்ணாடிக்காரர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இது உனக்கு இல்லைப்பா. முனைன்னா தெருமுனை. மூலைக்கடைக்காரனுக்குத்தான் சலுகை. நாமெல்லாம் எப்பவும் போல நடுத்தெருவுலதான்." அவர் ஒரு காலத்தில் கல்லூரிக்கு ஜன்னல் கண்ணாடி மாட்டியவர். அதனால் படிப்பு விஷயத்தில் அவர் பேச்சை இந்தத் தெருவில் யாரும் தட்டுவதில்லை.

நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். புது இயந்திரம் வந்தால் வேலை வரும், வேலை வந்தால் அவள் வருவாள் என்பது வரைக்கும்தான் என் மூளை ஓடியது. தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் பாய்லரிடம் ஓடினேன். (அவருடைய கோபத்துக்கு வைத்த பெயர், அடுப்புக்கு இல்லை.) கடையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். மறுபேச்சு இல்லாமல் சம்மதித்தார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, மூன்று பக்கக் காற்றும் கூடிப்பேசுகிற இடம் அந்த முனைதானாம். என் பழைய அட்டை வெட்டும் இயந்திரம் வாசற்படியில் பாதி உள்ளே பாதி வெளியே என்று சிக்கிக்கொண்டு ஒரு பகல் முழுக்க நகர மாட்டேன் என்றது, அதைத் தள்ளுவதற்காக நான் கீழே வைத்த கேக் பெட்டிகளெல்லாம் காற்றில் கிளம்பித் தெருவோடு போயின, அவற்றைத் துரத்திக்கொண்டு நான் போனேன், நான் போன நேரம் பார்த்து வழக்கமாக டீ குடிக்கிறவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்து பசைக்கலயத்தை மோந்து பார்த்துவிட்டு "மாஸ்டர், பால் திரிஞ்சு போச்சு" என்று சத்தம் போட்டார்கள். வருஷக்கணக்காக ஆவி பிடித்த சுவராயிற்றே, அங்கே எந்தப் பசையும் காயவில்லை. காலையில் ஒட்டிய பெட்டி சாயங்காலம் வாயைப் பிளந்தது. உங்க அக்கா பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாளே தலையில் அடித்துக்கொண்டு தடுத்திருப்பாள். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் ஒரு மனுஷன் தப்புப் பண்ணுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா மச்சான்?

கூட்டத்துக்குப் போனால் முன்வரிசை முழுக்க மூலைக்கடைக்காரர்கள். வந்திருந்த அதிகாரி அம்மா ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார். "வடக்கு முனை, சைக்கிள் கடை" என்றார் ஒருவர். "ஆஸ்பத்திரி முனை, மருந்துக்கடை" என்றார் இன்னொருவர். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கீழ முனை, அட்டைப்பெட்டி. போன வாரத்துல இருந்து" என்றேன்.

"எல்லாரும் ஏங்க முனையைச் சொல்றீங்க?" என்றார் அந்த அம்மா. விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். "முனைவோர்னா முனைஞ்சு முயற்சி பண்றவங்க. கடை எங்க இருந்தா என்ன?" கண்ணாடிக்காரர் மெதுவாக எழுந்து கழிப்பறை எங்கே என்று விசாரித்துக்கொண்டு போனவர்தான், திரும்பவில்லை. பின்வரிசையில் இருந்த பாய்லரோ, "நடுத்தெருவுல வியாபாரம் நல்லாத்தான் போகுது, நான் திருப்பித் தர மாட்டேன்" என்றார்.

அப்புறம் அந்த அம்மா, "உங்களுக்கு முதல்ல வேண்டியது என்ன?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மின்வெட்டு கூடாது, சரக்கு லாரி வர ரோடு வேண்டும், வங்கி மேனேஜர் உட்காரச் சொல்ல வேண்டும். என் முறை வந்தது, எழுந்தேன், வாயைத் திறந்தேன். "எங்க வீட்டுக்காரி திரும்பி வரணும்" என்று வந்துவிட்டது.

மண்டபமே சிரித்தது. அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. "அவங்க என்ன வேலை பார்த்தாங்க?" என்றார். "வெட்டுறது, மடிக்கிறது, கணக்குப் பார்க்கிறது, கடன்காரன் வந்தா நான் இல்லைன்னு சொல்றது" என்றேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: "திறன்மிக்க தொழிலாளர் வெளியூர் செல்வதைத் தடுத்தல்." உங்க அக்கா இப்போ அரசாங்கக் கொள்கை ஆயிட்டா மச்சான். அவகிட்ட சொன்னா நம்ப மாட்டா.

இன்னொன்றும் எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு மருந்துப்பெட்டி எல்லாம் தலைநகரத்திலிருந்து வருகிறது. கூப்பிடு தூரத்தில் நான் ஒருவன் பெட்டி செய்கிறேன். அரசாங்கம் வாங்குவதை அந்தந்த ஊரிலேயே வாங்கினால் எங்களைப் போன்றவர்கள் பிழைப்போம், இதற்குக் கடன்கூட வேண்டாம். இதைச் சண்டை போட்டுக் கேட்கலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெட்டி ஒன்றை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். உள்மடிப்பில் கட்டைவிரல் நகத்தால் இழுத்த ஒரு கோடு. அந்தக் கோட்டை உலகத்தில் ஒருத்திதான் போடுவாள். மடிப்பு பிரியாது என்பது அவள் கட்சி, வீண்வேலை என்பது என் கட்சி, கல்யாணம் ஆனதிலிருந்து இந்தச் சண்டை நடக்கிறது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது பல்வலி என்று சொல்லி அடிக்கடி போகிறேன். மருந்து கொடுக்கிறவர், "பல்லைப் பிடுங்கிடலாமேப்பா" என்கிறார். பிடுங்கிவிட்டால் எதைச் சொல்லி மறுபடி போவது? உள்ளூரிலேயே வாங்கச் சொல்லி நான் எழுதி, அவர்களும் கேட்டுவிட்டால் அவள் கைபட்ட பெட்டி இந்த ஊருக்கு வராது. எழுதாவிட்டால் அவளே வரமாட்டாள். எதைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் இல்லாமல் எனக்குப் பிடிக்கவில்லை மச்சான், அவ்வளவுதான். மற்றதை நீயே கொள்கை மாதிரி எழுதிக்கொள்.

உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைக்கு ஆசீர்வாதம், உனக்குச் சீக்கிரம் பதவி உயர்வு. மாடியறைக்காரிக்கு என்ன சொல்வது என்று தெரியாததால் நான் கேட்டதாக மட்டும் சொல்லவும்.

இப்படிக்கு,
முயற்சி செய்துகொண்டேயிருக்கும்
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் அக்கா போன் செய்தாள். அவளை மேற்பார்வையாளர் ஆக்கிவிட்டார்களாம், இனி லீவுகூடக் கிடைக்காதாம். சந்தோஷமாகத்தான் சொன்னாள். போனை வைக்கும் முன், "பசை ஒட்டுற பக்கம் சரியான ஆளே இல்லைங்க. யாரைப் போட்டாலும் ரெண்டு நாள் நிக்க மாட்டேங்கிறாங்க" என்றாள். எங்கள் கடையில் பசை ஒட்டியது எப்போதும் நான்தான். அவள் எதையும் நேராகக் கேட்கிறவள் இல்லை என்பது உனக்கே தெரியும். ஆகவே ரோடு, மின்சாரம், கடன் எல்லாவற்றையும் மற்றவர்களுக்குச் செய்துகொடு, எனக்கு வேண்டாம். இயந்திரத்தைப் பாய்லர் பொறுப்பில் விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கிளம்புகிறேன். உங்கள் துறைக் கணக்கில் வெளியூர் போனவர்களோடு என்னையும் சேர்த்துக்கொள். அவளிடம் எதுவும் சொல்லிவிடாதே. மாடியறை வாசலில் வந்து நின்று நானே சொல்லிக்கொள்கிறேன்.