பளபளாவின் முன்பல்

உலகத்தில் சொரசொரப்பாக ஒரே ஒரு பொருள் மிச்சம் இருந்தால்கூட, அது யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போய் பாலிஷ் போட்டுவிட்டு வரக்கூடியவர் பளபளா. தொண்ணூறுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்த சின்னப் பட்டறையில் பாலிஷ் மிஷின் அவருடையது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்ததாகக் கேள்வி.

அவருடைய டிபன் பாக்ஸ் மூடியைப் பார்த்துத்தான் பெண்கள் நாங்கள் பொட்டைச் சரிசெய்துகொள்வோம். முதலாளியின் ஸ்கூட்டர் நம்பர் பிளேட்டை ஆசையாகத் தேய்த்து நம்பரையே காணாமல் அடித்தார். பாத்ரூம் தாழ்ப்பாளைத் தேய்த்த தேய்ப்பில் முதலாளியின் விரல் அதில் நிற்காமல் வழுக்கி, அரை மணி நேரம் மனிதர் உள்ளேயே கிடந்தார். வெளியே நின்று பளபளா கேட்டார்: "அத்த வுடு நைனா, தாப்பா எப்டி மின்னுது பாத்தியா?"

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் வேறு ஆள். சேக்காட்டில் அவர்கள் கோயிலில் ட்ரம்பெட் ஊதுவார். வருடத்துக்கு ஒருமுறை, ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, குருத்தோலைப் பவனிக்கு முன்னால் ஊதிக்கொண்டு போவார். வெயில் ஏறாத காலை, பின்னால் சலசலக்கும் ஓலைகள், நடுவில் அந்த ஊதல். தெரு தரையில் இல்லாததுபோல் இருக்கும். நான் கோயிலுக்குப் போகிற ஜாதியில்லை, ஆனால் அதற்காகவே ஆவடியிலிருந்து போய் நிற்பேன்.

ஒருநாள் பாலிஷ் சக்கரத்தில் பிடித்திருந்த பித்தளைக் குழாய் தெறித்து அவர் வாயில் அடித்தது. முன்பல் போயிற்று. அந்த வாரமே ட்ரம்பெட்டை எடுத்து ஊதிப் பார்த்திருக்கிறார்.

"காத்துதான் தங்கச்சி வருது. பாட்டு வர்ல."

அப்போது எங்கள் பட்டறையில் பூந்தமல்லி பல் டாக்டரம்மா ஒருவருக்காக டைட்டானியம் திருகாணிகள் செய்துகொண்டிருந்தோம். அதைத் தாடை எலும்புக்குள் முடுக்கி, ஈறை மூடித் தைத்து, ஆறு மாதம் கழித்து மேலே பல் மாட்டுவார்கள். பட்டறையில் எங்கள் கடைசி வேலையாக அதன்மேல் பொடி மணலைப் பீய்ச்சியடித்து மேனியைச் சொரசொரப்பாக்க வேண்டும். அந்த மிஷின் ஓடும்போது பளபளா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பட்டறைக்கு வந்திருந்த டாக்டரம்மா அவருக்கும் ஒன்று வைப்பதாகச் சொன்னார். என் மைக்ராஸ்கோப்பில் திருகாணியை வைத்துக் காட்டினேன். ஒரே மேடு பள்ளம்.

"இன்னாமா இது, ஆவடி ரோடு மாரி கீது! இத்தயா என் வாயில வெக்கப் போறே?"

"பள்ளம் இருந்தாத்தான் எலும்பு வந்து பிடிச்சுக்கும்ங்க. வழுவழுன்னு இருந்தா அது எதைப் பிடிச்சுக்கும்?" என்றார் டாக்டரம்மா.

பளபளா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பியிருக்கக் கூடாது.

ஆறு மாதம் கழித்து டாக்டரம்மா ஈறைத் திறந்து, பல் பார்க்கும் கண்ணாடியின் காம்பால் திருகாணியைத் தட்டினார். 'டொக்' என்றது. விரலால் தொட்டார், சுற்றியது. சாயங்காலம் பளபளா என் மேஜைக்கு வந்து நின்றார்.

"தப்பு என்னுதுதான் தங்கச்சி. திருகாணிப் பொட்டலத்த டாக்டரம்மாகிட்ட நான்தான குடுக்கப் போனேன்? நம்ம உடம்புக்குள்ள போற பொருளாச்சேன்னு, மனசு கேக்காம லேசா ஒரு தடவ பாலிஷு போட்டுட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடிக்கும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது.

புண் ஆறி இரண்டாவது திருகாணி வைக்க மூன்று மாதம் ஆயிற்று. மணலடிக்கும் வேலையை அவரே கேட்டு வாங்கினார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஏசுவே ஏசுவே என்று அடித்தார். பொட்டலத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வருடக் குருத்தோலை ஞாயிறு ட்ரம்பெட் இல்லாமல் போயிற்று.

அப்புறம் அவர் ஒருமாதிரி ஆகிவிட்டார். டீ நேரத்தில் மிஷினை நிறுத்திவிட்டு, கன்னத்தில் கை வைத்து, கூரைத் தகரத்தில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். என்ன அண்ணே என்றால் மெதுவாகச் சொல்வார்:

"வந்துகினு கீது தங்கச்சி. எலும்பு. ஒவ்வொரு பள்ளமா பாத்து வந்து குந்திகினு கீது. சத்தம் போடாத."

நானும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். எனக்கே ஏதோ கேட்பதுபோல் இருக்கும்.

மறுபடி ஈறைத் திறந்த அன்று நானும் போயிருந்தேன். டாக்டரம்மா காம்பால் தட்டினார். 'கிண்' என்றது. வாய் திறந்தபடியே பளபளாவின் கண்ணில் நீர் வழிந்தது. அந்தச் சத்தத்தின் அர்த்தம் டாக்டரம்மா சொல்வதற்கு முன்பே அந்தக் காதுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த குருத்தோலை ஞாயிறு அவர் ஊதிக்கொண்டு வந்தார். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஓரிடத்தில் பிசிறடித்தது. கூட்டம் கலைந்ததும் என்னைத் தேடி வந்து, "எப்டி இருந்துச்சி?" என்றார்.

பொய் சொல்ல வரவில்லை. "நல்லா இருந்தது அண்ணே. மேலே போறப்போ மட்டும் கொஞ்சம் பிசிறு."

பளபளா கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு, புதுப் பல் தெரியச் சிரித்தார்.

"இருக்கட்டும் தங்கச்சி, அந்தப் பிசிறு."

அப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்த நிமிஷம் அந்த மனிதர்மேல் வந்த பிரியம் இன்னும் எனக்குக் குறையவில்லை.