முதுகுக்குப் பின்னால் ஒரு டென்னிஸ்

டென்னிஸ் பார்க்க வருகிறவர்கள் டென்னிஸ் தெரிகிற பக்கமாக உட்காரவேண்டும் என்பது உலக வழக்கம். கோயமுத்தூரிலும் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

அன்றைக்குச் சர்வதேசப் பெண்கள் போட்டியின் இறுதியாட்டம். ஒரு பக்கம் ஏதோ பனிநாட்டிலிருந்து வந்த ஆறடிப் பெண். இன்னொரு பக்கம் நம் துடியலூர் லாஸ்யா. துடியலூரில் பிறந்த ஒரு பெண் இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தடவை. அதைக் கண்ணால் கண்டே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டு கிளம்பினார் ராமாமணி.

ராமாமணியும் துடியலூர்க்காரர்தான். ஓர் அரசு அலுவலகக் கவுண்ட்டரில் முப்பது வருடம் உட்கார்ந்து, "இங்க இல்லீங்க, அடுத்த கவுண்ட்டர்ல கேளுங்க" என்று சொல்லிச் சொல்லி, போன வருடம் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்ற பெண்மணி. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் டென்னிஸ். லாஸ்யா சின்னப் பிள்ளையாக ரேஷன் கடைச் சுவரில் பந்தடித்துப் பழகியதை பஸ் ஸ்டாப்பில் நின்று தினமும் பார்த்திருக்கிறார். கடைக்காரர் திட்டியதையும் பார்த்திருக்கிறார். அந்தப் பிள்ளை ஜெயிக்கும்போது துடியலூர் சார்பில் சாட்சிக்கு ஒரு ஆளாவது நேரில் இருக்கவேண்டாமா?

வாசலில் அவருடைய எலுமிச்சஞ்சாதமும் தண்ணீர் பாட்டிலும் குடையும் பாதுகாப்பை முன்னிட்டுப் பறிமுதல் செய்யப்பட்டன. எலுமிச்சஞ்சாதத்தால் யாருக்கு என்ன ஆபத்து என்று ராமாமணி கேட்கவில்லை. அரசு ஊழியத்தில் இருந்தவர்கள் காரணம் கேட்கமாட்டார்கள்.

உள்ளே நல்ல கூட்டம். கோயமுத்தூருக்கு வருடம் ஒரு காய்ச்சல் வரும். முந்தின வருடம் செக்கெண்ணெய், போன வருடம் மாரத்தான், இந்த வருடம் டென்னிஸ். ஆளாளுக்கு வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு வந்திருந்ததில், இது டென்னிஸா துக்க வீடா என்று ஒரு கணம் சந்தேகம் தட்டியது.

தன் இடத்துக்குப் போன ராமாமணி திகைத்து நின்றார். பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, வரிசை வரிசையாகக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. அவருடைய இடம் மேல் வரிசையில். அதற்கு எதிரே, இன்னும் உயரத்தில், நிழலான ஒரு மேடை. மேடையில் துண்டு விரித்த ஒரு பெரிய நாற்காலி.

கழுத்தில் அட்டை தொங்க பாலகோபால் என்பவர் வந்தார். 'பார்வையாளர் நலன் மற்றும் ஒழுங்கு அலுவலர்' என்று அட்டையில் இருந்தது.

"ஏனுங்க, நாற்காலியெல்லாம் திரும்பிக் கெடக்குதுங்களே?"

"திரும்பிக் கெடக்கலீங்க மேடம். திருப்பி வெச்சிருக்குதுங்க."

"எதுக்குங்க?"

"மேல சிறப்பு விருந்தினர் உக்காரப்போறாருங்க. அவருக்கு முன்னால நீங்க. மைதானத்தப் பாத்து உக்காந்தீங்கன்னா அவருக்கு முதுகு காட்டின மாதிரி ஆயிப்போகுதுங்களே. 'பொதுமக்கள் விருந்தினருக்கு முதுகு காட்டி அமர்தல் முற்றிலும் தவிர்க்கப்பட வேண்டும்'னு சர்க்குலர்ல தெளிவாச் சொல்லிப்போட்டாங்க."

"மேடைய அந்தப்பக்கம் போட்டிருக்கலாமுங்களே?"

"அங்க வெயிலுங்க."

"அப்ப டென்னிஸு?"

"டென்னிஸ் நடக்கும்ங்க. அதுல எந்த மாத்தமும் இல்லீங்க."

"இந்தக் கயித்தயாவது அவுத்துவிடுங்க."

"நாற்காலி என்னோட பொறுப்பு இல்லீங்க. அதுக்கு வேற ஆளு. அந்தப்பக்கம் கேளுங்க."

இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று ராமாமணிக்குத் தோன்றியது. கொஞ்சம் யோசித்தபின் அது தன்னுடைய குரல்தான் என்று தெரிந்தது. தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

சிறப்பு விருந்தினர் வந்தார். பெரிய மனிதர், பெரிய வயிறு, வெயிலே படாத மேடையில் பளபளக்கும் கூலிங்கிளாஸ். அவருக்குப் பொன்னாடை போர்த்தி, அவருக்குப் போர்த்தியவர்களுக்கும் பொன்னாடை போர்த்தி முடிந்ததும் ஆட்டம் தொடங்கியது.

முதல் செட் முழுக்கப் பொதுமக்கள் காதால் பார்த்தார்கள். பின்னால் டொக் என்று கேட்கும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். பிறகு சத்தம் நின்றுபோகும். எல்லோரும் விருந்தினரின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் தட்டினால் இவர்களும் தட்டுவார்கள். ஒருமுறை அவர் தொடையில் உட்கார்ந்த கொசுவை அடித்தார். அதற்குத்தான் அன்றைய முதல் பலத்த கரவொலி கிடைத்தது.

ராமாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. லாஸ்யா கூப்பிடு தூரத்தில் ஓடுகிறாள், மூச்சு வாங்குகிறாள், வீட்டு டிவியில் தெரிகிற அளவுகூட இங்கே தெரியவில்லை!

அப்போதுதான் பக்கத்து நாற்காலிப் பையன், சத்தியமங்கலத்திலிருந்து வந்த ரூபன், காதோரம் சொன்னான். "அக்கா, அவரு கண்ணாடியப் பாருங்க."

பார்த்தார். விருந்தினரின் கூலிங்கிளாஸில் மைதானம் தெரிந்தது. நடுவில் வலை, இந்தப் பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி, அந்தப் பக்கம் ஒரு நீலப் புள்ளி. நீலம் லாஸ்யா. இரண்டு கண்ணாடியிலும் இரண்டு லாஸ்யா.

"லாஸ்யா இடக்கைங்களா அக்கா?"

"கண்ணாடில பாத்தா அப்படித்தான் தெரியும் தம்பி. சோத்துக்கைதான்."

செய்தி வரிசை வரிசையாகப் பரவியது. நானூறு பேரும் விருந்தினரின் மூக்குக்கு மேலே பக்தியோடு பார்க்கத் தொடங்கினார்கள். மக்கள் தம்மீது வைத்திருக்கும் இந்த அன்பைக் கண்டு விருந்தினர் நெகிழ்ந்துபோய், இரண்டு முறை கும்பிட்டார். கும்பிடக் குனிந்த நேரத்தில் லாஸ்யா ஒரு கேமை இழந்தாள்.

இரண்டாவது செட்டில் அவருக்குக் கண் அசந்தது. தலை பின்னால் சாய, கண்ணாடியில் மைதானம் போய்ப் பந்தல் துணி வந்தது. "ஐயா, எந்திரிங்கையா!" என்று ராமாமணி மனதுக்குள் கெஞ்சினார். எந்தச் சாமியிடமும் அவர் அப்படிக் கெஞ்சியதில்லை. பக்கத்திலிருந்தவர்கள் இருமினார்கள், தும்மினார்கள். நடுவர் 'குவைட் ப்ளீஸ்' என்றார். அந்தச் சத்தத்தில் விருந்தினர் விழித்தபோது, முதல் செட்டை இழந்திருந்த லாஸ்யா இரண்டாவது செட்டை வென்றிருந்தாள்.

மூன்றாவது செட். ஆட்டம் இழுத்துக்கொண்டே போய், இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை லாஸ்யாவுக்கு என்ற நிலை வந்தது. ராமாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து விருந்தினர் எழுந்துகொண்டார். அவருக்கு ஐந்து மணிக்கு நகைக்கடைத் திறப்பு விழா. ஆட்டத்தை நிறுத்தி, எல்லோரும் எழுந்து நின்று, அவரையும் இரண்டு கண்ணாடி மைதானத்தையும் வழியனுப்பிவைத்தார்கள்.

"ஏனுங்க! இப்பவாச்சும் திரும்பிக்கலாமுங்களா?" என்று பாலகோபாலைக் கேட்டார் ராமாமணி.

பாலகோபால் மேடையைப் பார்த்தார். "விருந்தினர்தானுங்க போயிருக்காரு. அவரு நாற்காலி இன்னும் இருக்குதுங்களே. துண்டுகூட எடுக்கலீங்க."

அதற்குள் மற்றவர்கள் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். நானூறு செல்போன்கள் உயர்ந்தன. எல்லாம் செல்ஃபி பக்கம்.

"இதுல பாருங்கக்கா," என்றான் ரூபன். "நம்ம மூஞ்சியும் வருது, பின்னால டென்னிஸும் வருது. திரும்பி உக்காந்தா இந்த மாதிரி அமையுமுங்களா? அடுத்த வருசமும் இப்படியே போடச்சொல்லி மனுக் குடுக்கோணும்."

ராமாமணி அவன் திரையைப் பார்த்தார். அவனுடைய பல்தான் தெரிந்தது.

ஆயுளில் ஒருநாளும் ஒரு சர்க்குலரை மீறாதவர், எழுந்து, திரும்பி நின்றார்.

"மேடம்! மேடம்! நாற்காலிக்கு முதுகு காட்டுறீங்க!"

காட்டினார். எதிரே நானூறு முகங்களும் நானூறு செல்போன்களும். அவற்றுக்கு அப்பால், முழு அளவில், லாஸ்யா. வெள்ளைக்காரப் பெண் ஓங்கி அடித்தாள். அன்று முழுக்க அடிக்கு அடி வெளுத்த லாஸ்யா, இதற்கும் கையை ஓங்கினாள். ஓங்கியவள், கடைசி நொடியில் பந்தைத் தாலாட்டுவதுபோல மட்டையால் தொட்டாள். பந்து வலைக்கு மேலே ஏறி, யோசித்து, அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்து அங்கேயே கிடந்தது. டொக் கேட்காததால் மற்றவர்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நடுவர் அறிவித்தபின்தான் ஆரவாரம் எழுந்தது. எல்லோரும் தத்தம் போனைப் பார்த்துக் கைகாட்டினார்கள்.

லாஸ்யா கையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் ஓடிவந்தாள். வந்தவள் அத்தனை முதுகுகளையும் பார்த்து நின்றுவிட்டாள். முதுகுகளுக்கு நடுவே ஒரே ஒரு முகம் இருந்தது. அது கண்ணும் மூக்கும் ஒழுகச் சிரித்தது.

ராமாமணி படியில் தடதடவென்று இறங்கிக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்ட்டி," லாஸ்யாவுக்கு மூச்சு வாங்கியது, "அந்தக் கடைசி பால்... பாத்தீங்களா?"

"பாத்தேன் கண்ணு! நானு துடியலூருதான். ரேஷன் கடைச் செவுத்துல இருந்து பாக்கறேன் கண்ணு!"

லாஸ்யாவின் முகம் குழந்தை முகமாகிவிட்டது. "அத இன்னிக்கு வரைக்கும் மேட்ச்ல ஆடினதே இல்லீங்க. பயம். எங்கம்மாகூட இங்க இல்லீங்க, கேக்கறதுக்கு யாருமே இல்ல. சொல்லுங்க ஆண்ட்டி, எப்படி இருந்துச்சுங்க?"

ராமாமணிக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது.

"இரு கண்ணு, சொல்றேன். மொதல்ல ஒரு போட்டோ," என்று கைப்பையிலிருந்து போனை எடுத்து, லாஸ்யாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கையை உயர்த்தி, திரையில் தன் தலைமுடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

மேலே படியிலிருந்து பாலகோபாலின் குரல் கேட்டது. அதில் ஒரு நிம்மதி இருந்தது.

"அப்படித்தானுங்க மேடம். இப்பத்தான் சரியாத் திரும்பியிருக்கீங்க."