உலக இசையின் தலைநகரம் அரக்கோணம்

'தெரியாது' என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்று நான் நம்பிய வயது ஒன்று உண்டு. அந்த வயதில்தான், மயிலாப்பூரில் ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் பார்த்திருக்க, என் மரியாதை மொத்தமும் போனது.

தொண்ணூறுகளின் நடுவில் தி. நகரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். (நான் படித்தது நான்கு மாதம். மீதி இரண்டு மாதம் கம்ப்யூட்டர் ரிப்பேரில் கிடந்தது.) அதை நம்பி, இசை ரசிகர் சங்கச் செயலாளர் சேஷாத்ரி சார் என்னிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தார். உறுப்பினர்கள் வீட்டு இசைத்தட்டுகளையெல்லாம் எண்ணி, எந்த ஊர்க் கலைஞர்களுக்கு எத்தனை தட்டு என்று பார்க்க வேண்டும். உலக இசையில் எந்த ஊருக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதை வரைபடத்தில் காட்ட வேண்டும். சங்கம் நடத்தப்போகும் கண்காட்சிக்கு வரும் தேனாம்பேட்டை கம்பெனி மேனேஜருக்குப் பிடித்துவிட்டால் எனக்கு அங்கே வேலை நிச்சயம்.

ஒரு மாதம் வீடு வீடாகத் தூசியில் தும்மினேன். எண்ணிக்கைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினேன். பிறகு, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஊர்ப் பெயர்களை ஆங்கில அகர வரிசைக்கு மாற்றினேன். அச்சிட்டு வந்த தாளைப் பார்த்து எனக்கே தலை சுற்றியது. எல்லா ஊரையும்விட அரக்கோணத்துக்குத்தான் அதிகம். வியன்னாவுக்கு ஒன்றே ஒன்று.

அரக்கோணத்துக்காரர் வாசித்த ஒரு கிளாரினெட் தட்டைத்தான் பார்த்த ஞாபகம். ஆனால் கம்ப்யூட்டர் சொன்ன பிறகு என் ஞாபகம் எம்மாத்திரம்? எண்ணிக்கைக்குத் தகுந்த அளவில் சிவப்புத்தாளை வட்டம் வட்டமாக வெட்டி, உலகப் படத்தில் ஒட்டினேன். அரக்கோணத்து வட்டம் மெட்ராஸை மூடி, இலங்கை வரை போனது. வியன்னாவுக்குக் கடுகளவு பொட்டு.

கண்காட்சி அன்று மண்டபத்தில் மைக் கட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் கன்னியப்பன்தான் முதலில் கேட்டார்.

"அரக்கோணத்துல இன்னாம்மா கீது? எம் மச்சான் ஊரு அது. ரயில் சத்தம்தான் கீது."

அவருக்கு இசை தெரியாது என்று முடிவு செய்தேன்.

அடுத்து சேஷாத்ரி சார் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "ஏம்மா, வியன்னால சங்கீதமே இல்லேன்னு போட்டிருக்கியே?"

"குளிர் சார். யாரும் வெளியே வர மாட்டாங்க."

"அப்போ அரக்கோணம்?"

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. பக்கத்தில் மேனேஜர், கையில் காபியோடு. வாயைத் திறந்தேன், அது தானாகப் பேசியது.

"அது ஜங்ஷன் சார். பாட்டுக்காரங்க எல்லாரும் அங்கதான் வண்டி மாறுவாங்க. காத்திருக்கிற நேரத்துல பாடுவாங்க. அப்படியே பரவிடுச்சு."

இரண்டு பேர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

மேனேஜர் மென்மையாகக் கேட்டார். "ஊர்ப் பேரை வரிசை மாத்தினப்போ, பக்கத்துல இருந்த எண்ணிக்கையையும் சேர்த்து மாத்தினீங்களா?"

"இல்ல சார், பேரை மட்டும்தான்," என்றேன் பெருமையாக.

"அப்ப பேரெல்லாம் எடம் மாறிடுச்சு, எண்ணிக்கை நின்ன எடத்துலயே நின்னுடுச்சு. மொத எடத்துல இருந்த லண்டனோடதை, 'ஏ'-ல ஆரம்பிக்கிற அரக்கோணத்துக்குக் கொடுத்துட்டீங்கம்மா." காபியைக் குடித்து முடித்து, கும்பிட்டுவிட்டுப் போனார். வேலையும் அவரோடு போனது.

அந்த வட்டத்தை உடனே எடுக்கச் சொன்னார் சேஷாத்ரி சார். பசை நல்ல பசை. பிய்த்தபோது தமிழ்நாடும் பாதி இலங்கையும் கூடவே வந்துவிட்டன.

நான் ஆசிரியையாகி, பிள்ளைகள் வளர்ந்தும் ஆயிற்று. இன்றைக்கும் வீட்டில் எதையாவது அடித்துப் பேசினேனென்றால் என் கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "வண்டி எங்க மாறணும்?" என்பார். பெண்கள் இருவரும் ஒரே குரலில் ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். போன மாதம் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையும் சேர்ந்து சொன்னார்.